நாலாவது வெற்றிலை

நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று போன மாதக் கூட்டத்தில் முடிவு பண்ணினீர்கள். என்னையும் கேட்டீர்கள். மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, இதற்கு மேலும் பள்ளிக்கூடத்துக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நானாக விலகிக்கொண்டவன் நான். என் கையெழுத்தைப் பார்த்த பேங்க்காரர், இது பேரா படமா என்று கேட்டிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் கொச்சையாகச் சொல்வதை அவள் நல்ல தமிழாக மாற்றிவிடுகிறாள். ஏதாவது ஒரு இடம் அழகாகத் தெரிந்தால் அது அவளுடையது. பிழையெல்லாம் நான் பெற்றது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து இலை போட்டபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்மோடு படித்த ரிட்டையர்டு வாத்தியார் மைக்கை என் கையில் திணித்து, "டேய், அந்தக் கெணத்துப் பாட்டப் பாடுறா. அந்தத் தெலுங்குக்காரி மாதிரியே பாடுவியேடா" என்றார். மைக்கைக் கொடுத்து நான் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. என் பிழைப்பே அதுதான். ஆட்டோ மேல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, உப்பு, கோலமாவு, கோயில் திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் கீரனூர் வரைக்கும் போவது என் குரல். ஒரு பெரியவர் இறந்த செய்தியைச் சொன்ன அதே மூச்சில் பாத்திரக்கடை ஆடித் தள்ளுபடியையும் சொல்லிவிட்டேன் என்று என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. அது கதை இல்லை.

ஆனால் அன்றைக்கு மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். போகும்போது பின்னால் ஒருத்தர், "புருசனப் பாடியே கொன்னவ பாட்டுடா அது" என்று சொன்னதும், நீங்கள் சிரித்ததும் என் காதில் விழுந்தது. பாயசம் சாப்பிடாமல் வந்துவிட்டேன். நான் பாயசத்தை விட்டு எழுந்தவன் என்றால் விஷயம் பெரிது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த மலரில் நான் செய்ய வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண்மேல் நம் ஊர் போட்ட பழியை எடுப்பது. எடுத்து எங்கே வைப்பது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் எனக்குப் பத்து வயது. எங்கள் மேட்டுக்காட்டில் கிணறு வெட்ட ஆறு குடும்பம் வந்து கண்மாய்க்குள் கருவேல மரங்களுக்கு நடுவே குடிசை போட்டது. கல் உடைக்கிறது, கிணறு வெட்டுகிறது அவர்கள் தொழில். நம்மிடம் தமிழ் பேசுவார்கள், தங்களுக்குள் தெலுங்கு. பள்ளிக்கூடம் போகிற வழியில் கிணறு இருந்தது என் தப்பா? மணி அடிப்பது அங்கே வரைக்கும் கேட்கும். நான் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொள்வேன்.

கிணற்றுமேட்டில் நின்றால் நார்த்தாமலைக் குன்றுகள் வரிசையாகத் தெரியும். கூடையில் ஏறி வருகிற மண் நாளுக்கொரு நிறமாக மாறியது. முதலில் செம்மண், அப்புறம் சரளை, அப்புறம் பாறை. பாறை வந்ததும் உலை மூட்டினார்கள். மழுங்கின உளிகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தண்ணீரில் முக்குவார்கள். அந்தச் ‘சுர்’ சத்தமும், கருகின இரும்பு வாசமும், வேட்டு மருந்தின் காரமும், எல்லாவற்றுக்கும் மேலே வெற்றிலை வாசமும் சேர்ந்ததுதான் எனக்கு அந்தக் கோடை.

வெற்றிலை, மேஸ்திரியின் பெண்சாதியுடையது. நான் அக்கா என்பேன். இருபத்தைந்து வயது இருக்கலாம். இடுப்பில் ஒரு பச்சைச் சுருக்குப்பை, அதில் எண்ணி ஏழு வெற்றிலை. அவள் குரல் ஓரத்தில் லேசாக உடைந்திருக்கும், புதுச்சட்டியில் தண்ணீர் ஊற்றினால் வருகிற சத்தம் மாதிரி. என்னைக் கோத்தி என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் குரங்கு. நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

மேஸ்திரி பெரிய ஆள். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். எங்கே படுத்தாலும் தூங்குவார். உடைந்த கல்மேல் துண்டை விரித்துப் படுத்து மறு நிமிஷம் குறட்டை விடுவார். கிணற்றுக்குள் இறங்குகிறவர் அவர். வேட்டுக்குத் தீ வைக்கிறவரும் அவர்தான்.

அந்த வேட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாறையில் துளை போட்டு மருந்து கெட்டித்துத் திரி வைப்பார்கள். நாலு துளை என்றால் நாலு சத்தம் கேட்கவேண்டும். மேஸ்திரி தீ வைத்துவிட்டு ஏறி வந்து தூரமாக வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். எல்லாரும் விரல் மடக்கி எண்ணுவார்கள். நாலும் கேட்டால் பயமில்லை. மூன்றுதான் கேட்டது என்றால் ஒன்று உள்ளே தூங்குகிறது. அது செத்திருக்கலாம், இல்லை திரி மெதுவாகக் கனிந்துகொண்டிருக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது? யாரிடமும் கடிகாரம் இல்லை. அவர்களிடம் பாட்டு இருந்தது.

இறங்குகிறவனுடைய பெண்சாதிதான் பாடவேண்டும். கிணற்றைச் சுற்றித் தூரத்தில் ஏழு இடத்தில் சுண்ணாம்பு தடவின கல் வைத்திருப்பார்கள். அக்கா முதல் கல்லில் உட்கார்ந்து ஒரு வெற்றிலையைப் போடுவாள். அதன் சாறு முழுக்கப் போய்ச் சக்கையானதும் துப்பிவிட்டு முதல் பாட்டு. பிறகு நடந்து இரண்டாவது கல், இரண்டாவது வெற்றிலை, இரண்டாவது பாட்டு. நாலு பக்கமும் ஆடு மாடு வராமல் பார்த்த மாதிரியும் ஆகும், நேரமும் ஓடும். ஏழாவது கல் மட்டும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே அவள் ஏழாவது பாட்டைப் பாடினால்தான் அவர் இறங்கலாம். அதுவரை யார் கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. அவர் இறங்கும்போது உள்ளேயிருந்து ஒரு வரி பதில் பாடுவார். அதோடு எல்லாரும் வேலைக்குத் திரும்புவார்கள்.

மேஸ்திரி முதல் ஆறு பாட்டும் கேட்கமாட்டார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். ஏழாவது காதில் விழுந்தால் மட்டும் எழுந்திருப்பார். பயமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "எண்ணுறது அவ வேல. தூங்குறது என் வேல" என்றார். தோள் குலுங்கியது.

பாட்டு தெலுங்கு. எனக்கு ஒலி மட்டும்தான் தெரியும். அர்த்தம் கேட்டு அவளை நச்சரித்தேன். கூடை தூக்கிக்கொண்டே சொன்னாள். புருஷனோடு சண்டை போட்ட ஒருத்தி பாடுகிற பாட்டு. அவளே கிணறு, அவன் வெட்ட வந்தவன்.

செம்மண் என்றா நினைத்தாய் என்னை, மண்வெட்டி வைத்ததும் குழைவேன் என்றா வந்தாய்? இது முதல் பாட்டு. சரளை நான், செருப்பில்லாமல் வந்தாயே, நான் யாரென்று உன் உள்ளங்காலைக் கேள். இது இரண்டாவது. பாறை நான், உன் உளி மழுங்கிப்போனது, உலைக்குள் போய்ச் சிவந்துவிட்டு வா. இது மூன்றாவது.

நாலாவதைச் சொல்லும்போது மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். என் கோபம் உள்ளே கனிகிறது, புகை தெரியவில்லை என்று பக்கத்தில் வராதே. ஐந்தாவதில் மாமியார் கேட்கிறாள், வீட்டில் ஏன் சத்தமில்லை என்று. சத்தமெல்லாம் உள்ளே போயிருக்கிறது என்று சொல் உன் அம்மாவிடம். ஆறாவதில் ஈரவாசம் வருகிறது, மூக்கை வைத்துப் பார், கையை வைக்காதே.

ஏழாவது என்ன என்றேன். "அது ஒனக்கெதுக்கு? அது வாயில வெச்சு வெளாடுறதில்ல. அவரு எறங்குறதுக்கு மட்டுந்தேன்" என்றாள்.

நம் ஊருக்கும் அந்தப் பாட்டு கேட்டது. களை எடுக்கிற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். என் ஆத்தா ராத்திரிச் சோற்றை நடுப்பகலிலேயே ஆக்கிவைக்கிற அவசரக்காரி, அவள்கூட வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வாள், பட்டப்பகலில் புருஷனை வா வா என்று ஊர் கேட்கக் கூப்பிடுகிறவள் குடும்பம் நடத்துகிறவளா என்று. யாரும் அர்த்தம் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஏழில் ஆறு பாட்டு வராதே வராதே என்று சொல்வது தெரிந்திருக்கும்.

அப்போதே நான் குரல் திருடன். நம் தலைமை வாத்தியார் மாதிரி இருமுவேன், பஸ் கண்டக்டர் மாதிரி விசில் அடிப்பேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா மாதிரி முதல் பாட்டைப் பாடினேன். உலைக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். குரல் உடையாத வயது, ஓரத்தில் அந்தக் கீறல்கூட அப்படியே வந்தது. மேஸ்திரி வாயில் இருந்த சோற்றோடு தோள் குலுங்கினார். "ஏய், ஒன்னவிட இவன்கிட்ட ஒங்குரலு நல்லாருக்கு" என்று அவளிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆறு பாட்டும் பாடவைத்தாள், தப்பை எல்லாம் திருத்தினாள். நான் ஏழாவதை ஆரம்பித்தேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் உள்ளங்கையில் சுண்ணாம்பு இருந்தது. என் உதடு ரெண்டு நாள் எரிந்தது.

அதாவது, தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. வாயைப் பொத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை. எனக்குக் கிழமை ஞாபகம் இருக்கக் காரணம், மறுநாள் கீரனூர்ச் சந்தைக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். பாறையில் ஈரம் கசிந்திருந்தது. இன்னும் ஒரு வேட்டு, தண்ணீர் வந்துவிடும் என்றார்கள். நாலு துளை. நானும் விரலை மடக்கினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது விரல் மடங்கவில்லை.

மேஸ்திரி வேப்பமரத்தடியில் துண்டைப் போட்டுக்கொண்டார். அவருடைய தம்பியும் மற்றவர்களும் உலைக்குப் போய் உளி அடிக்க ஆரம்பித்தார்கள். அக்கா முதல் கல்லுக்கு நடந்தாள். சிறுவன் ஒருவன் என்ன செய்யவேண்டும்? வீட்டுக்குப் போகவேண்டும். நான் ஏழாவது கல்லுக்குப் பின்னால் குவிந்திருந்த கற்குவியலில் போய் ஒளிந்துகொண்டேன். அவள் ஏழாவது கல்லுக்கு வரும்போது ‘ப்பே’ என்று குதிப்பதாகத்தான் யோசனை. கடவுள் சத்தியமாக அதுதான் முதல் யோசனை.

வெயில் குத்தியது. ஒரு வெற்றிலை அவ்வளவு நேரம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் பாட்டு மேற்கே கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை, ஒரு காக்கை, உலையில் சுத்தியல். இரண்டாவது வடக்கே. மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாவது. அவள் எழுந்து நாலாவது கல்லுக்கு நடப்பது கள்ளிவேலிக்கு மேலே தலை மட்டுமாகத் தெரிந்தது. உட்கார்ந்தாள், தலை மறைந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. இன்றைக்கும் இல்லை, என் ஆட்டோவில் ஏறினவர்களுக்குத் தெரியும். மேஸ்திரி எழுந்து வந்து, அக்காவைத் தேடி, என்னைக் கண்டுபிடித்து, தோள் குலுங்கி, மறுபடியும் அதைச் சொல்லவேண்டும், ஒன்னவிட இவன்கிட்ட ஒங்குரலு நல்லாருக்கு என்று. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

ஏழாவதைப் பாடினேன். ரொம்ப நன்றாகப் பாடினேன். அதற்கப்புறம் என் ஆயுசில் அப்படி எதையும் நான் பாடவில்லை.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கற்குவியலைத் தாண்டித்தான் போனார். தூக்கக்கண், முகத்தில் துண்டின் மடிப்புக்கோடு. நான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சுற்றிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. பாடினவள் எங்கே என்று பார்க்கிற பழக்கமே அவருக்கு இல்லை. பாட்டு வந்தால் இறங்குவார். நான் சிரித்து முடித்து நிமிர்ந்தபோது கயிறு மட்டும் ஆடியது.

உள்ளேயிருந்து அவருடைய பதில் வரி வந்தது. கிணற்றுக்குள் இருந்து வருகிற குரல் சாதாரணக் குரலைவிடப் பெரிதாக இருக்கும்.

எனக்கு நேரம் இருந்தது. இதை என் பேத்தி இரண்டு தடவை எழுதலாமா என்று கேட்டாள், எழுது என்றேன். எனக்கு நேரம் இருந்தது. "மேஸ்திரி, நான்தான்" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அடி விழும் என்று நினைத்தேன். சந்தைக்குக் கூட்டிப்போகமாட்டார்கள் என்றும் நினைத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அக்கா கத்திக்கொண்டு ஓடி வருவது கேட்டது. அவர் பதில் வரியைப் பாதிதான் பாடியிருந்தார்.

நாலாவது விரல் மடங்கியது.

அன்று மாலை வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நம் பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டியிருந்தது, அவர் ஏன் இறங்கினார். மேஸ்திரியின் தம்பி சொன்னார், உளி அடிக்கிற சத்தத்தில் மற்றது கேட்டதோ இல்லையோ, ஏழாவது பாட்டு எல்லார் காதிலும் விழுந்தது, அவள் குரல்தான் என்று. எங்கள் அப்பா அவளிடம் கேட்டார். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் பேசுவதற்கு முன் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஒரு வெற்றிலை நேரம் என்று எனக்குத் தோன்றியது.

"நாந்தேன் பாடுனேன். அவசரப்பட்டுட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். மீதியை நம் ஊர் சேர்த்துக்கொண்டது. கொழுந்தனோடு அவளுக்குத் தொடுப்பு, புருஷனை வேண்டுமென்றே இறக்கிவிட்டாள் என்றார்கள். அந்த மாதிரிப் பாட்டு பாடுகிறவள் செய்யக்கூடியவள்தான் என்றார்கள். அவளுடைய ஆட்கள் அப்படிச் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது வேறு. எண்ணுகிற வேலையில் தவறினவள் என்றார்கள். அவர்களுக்கு அது கொலையைவிடக் கேவலம். மூன்றாம் நாள் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அவள் கடைசியாக, எல்லாருக்கும் பத்தடி பின்னால் நடந்தாள். யாரும் அவளோடு பேசவில்லை. அவள் உதடு வெள்ளையாக இருந்தது. வெற்றிலை போடாத அவள் வாயை நான் அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு நாலாவது கல்லுக்குப் போனேன். பச்சைச் சுருக்குப்பை கிடந்தது. உள்ளே மூன்று வெற்றிலை. நாலாவது வெற்றிலை சுண்ணாம்பு தடவி மடித்தபடி கல்மேலேயே காய்ந்திருந்தது. நாலையும் பைக்குள் போட்டு எங்கள் வைக்கோல்போரில் ஒளித்து வைத்தேன். மார்கழி முடியும்வரை வைத்திருந்தேன். வெற்றிலை தூளாகிவிட்டது, வாசம் மட்டும் இருந்தது. போகிக்கு ஆத்தா வைக்கோல்போர் வரைக்கும் கூட்டிப் பெருக்கும்போது அதை எடுத்து நெருப்பில் போட்டாள். யார் வீட்டுக் கந்தலோ என்றாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் எனக்கு நேரம் இருந்தது.

கிணற்றில் தண்ணீர் வந்தது. அந்த நாலாவது வேட்டில்தான் ஊற்று திறந்தது. எந்தக் கோடைக்கும் வற்றாத கிணறு என்று அப்பா சாகும்வரை பெருமை பேசினார். நீங்கள் எல்லாரும் அதில் குதித்து நீச்சல் பழகினவர்கள்தான். நான் மட்டும் ஏன் மேலே உட்கார்ந்து வர்ணனை பண்ணிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை, பயந்தாங்கொள்ளி என்று விட்டுவிட்டீர்கள். மதியத்தில், யாரும் குளிக்காத நேரத்தில், அதற்குள் இருந்து பாதி வரி வரும். நான் கேட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வந்ததே இல்லை. இப்போது போர்வெல் போட்டபிறகு அது வற்றி, பிளாஸ்டிக் பாட்டிலாகக் கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போது நான் குழாயின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வேன். உப்பு, உப்பு என்று கத்திக்கொண்டே தாண்டிவிடுவேன். ஆளில்லாத காட்டில் ஏன் உப்பு விற்கிறான் என்று நீங்கள் சிரித்தது இதைத்தான்.

அவள் இருக்கிற இடம் எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். நார்த்தாமலைக்கு அந்தப் பக்கம், கல்குவாரிக்குப் போகிற ரோட்டில் அவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் அறிவிப்பு வேலை வந்தால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவேன். கேட்டால் டீசல் கட்டாது என்பேன். உங்கள் சிரிப்பைக் கேட்ட மறுநாள், ஆட்டோவை எடுக்காமல் பஸ்ஸில் போனேன். குழாய் இல்லாமல் போகவேண்டும் என்று தோன்றியது. கீரனூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டேன்.

வாசலில் வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சின்ன உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். பல் இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை போல, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"யாரது?"

எனக்கு என் பேர் வரவில்லை. "கோத்தி" என்றேன்.

இடிப்பது நின்றது. உரலுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அப்புறம், "வாலு இருக்கா இன்னும்?" என்றாள்.

"அறுந்து போச்சுக்கா."

உட்காரச் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அறுபது வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். மைக் பிடிக்கிறவன் இல்லையா, நடுவில் மூச்சு வாங்கமாட்டேன்.  முடித்ததும், "தெரியும். எங்குரலு எங்கிட்டு இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா" என்றாள்.

அப்புறம் ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் உள்ளுக்குள் ஒரு பதிலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். சின்னப் பிள்ளை என்று விட்டேன், உன்மேல் பாசம், இந்த மாதிரி ஏதாவது. அவள் சொன்னது அது இல்லை.

"சொல்லியிருந்தா ஒங்கப்பன் நம்புவானா? அத்தக்கூலிக்கு வந்தவ மொதலாளி மகன்மேல பழி போடுறான்னு பொழுது சாயறதுக்குள்ள ஆறு குடிசையும் எரிஞ்சிருக்கும். மூணு குடிசையில கைப்புள்ள. அதுகளுக்காவத்தேன் சொல்லல. ஒனக்காவன்னு நெனச்சுக்கிட்டுப் போயிராத."

எங்கள் அப்பா அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று மாலை வேப்பமரத்தடியில் அவர் கேள்வி கேட்ட விதம் ஞாபகம் வந்தது. 

அவளுடைய ஆட்களிடம் இப்போதே நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். மைக் வைத்துத் தெருத்தெருவாகச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொல்வாய் என்றாள். பேசினவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் கொழுந்தன் சாகிற அன்றைக்குக்கூட அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, எண்ணத் தெரியாத கை என்று தலையைத் திருப்பிக்கொண்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலின் ஓரம் உடைந்தது. அதே கீறல். 

"ஒங்க ஊருல வேண்ணா சொல்லு. அங்கதேன் என்னிய ரொம்ப அசிங்கமாப் பேசுனாக" என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். அவள் பாடியது மூன்று பாட்டு. ஏழாவதைப் பாடியவன் நான். உங்கள் வீட்டில் மகனிடமோ பேரனிடமோ அந்தக் கதையைச் சொல்லியிருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்களிடம் கொடுங்கள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். வெற்றிலைக் கட்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பிரித்து, தடவித் தடவி, நாலு வெற்றிலையை எண்ணி எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தாள். மீதியை ஒதுக்கினாள்.

"நாலாவதுலருந்து பாடு" என்றாள்.

எனக்குக் குரல் இல்லை என்றேன். அது ஆம்பளைக் குரலாகி, கிழட்டுக் குரலாகி, உப்புக் குரலாகிவிட்டது என்றேன். அவள் முதல் வெற்றிலையைக் கிழித்து உரலில் போட்டு இடித்து வாயில் அடக்கிக்கொண்டாள். காத்திருந்தோம். சாறு போனதும் துப்பிவிட்டு என் பக்கம் தலையைச் சாய்த்தாள். நான் பாடினேன். என் கோபம் உள்ளே கனிகிறது, புகை தெரியவில்லை என்று பக்கத்தில் வராதே. ஒரு இடத்தில் தெலுங்கைத் தப்பாகச் சொன்னேன். பழையபடியே திருத்தினாள்.

அடுத்த வெற்றிலை. ஐந்தாவது. அவள் பேரன் லாரிக்குப் போகிறவன் போலிருக்கிறது, வாசலில் நின்று எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். அடுத்தது. ஆறாவது. மூக்கை வைத்துப் பார், கையை வைக்காதே. முடித்தேன்.

கட்டிலில் ஒரு வெற்றிலை மிச்சம் இருந்தது. அதையும் இடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏழாவதை நான் பாடுவதா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அது அவளுடையது. என் வாய் அனிச்சையாகத் திறந்ததோ என்னவோ, அவள் கையை நீட்டி என் வாய்க்கு நேரே ஒரு விரல் தூரத்தில் வைத்தாள். தொடவில்லை. சுண்ணாம்பு வாசம் வந்தது.

அவள் மென்றுகொண்டிருந்தாள். ரோட்டில் கல் லாரிகள் போயின. கீரனூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது, அடுத்ததும் போனது. பல்லில்லாத வாய், சாறு போக நேரம் ஆகும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அவள் துப்பவும் இல்லை, பாடவும் இல்லை. முகத்தைக் குன்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பேரன் வந்து, "கெழவி தூங்கப் போற நேரம், கெளம்புங்க" என்றான். கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் காதைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் நடந்தேன்.

போன வாரமும் போனேன். அதற்கு முந்தின வாரமும். வெற்றிலை நாலை எண்ணி வைக்கிறாள், நான் மூன்று பாட்டுப் பாடுகிறேன், நாலாவதை வாயில் அடக்கிக்கொள்கிறாள். அவள் பாடாதவரை யாரும் இறங்கக்கூடாது. இந்தத் தடவை எனக்கு அவசரம் இல்லை.